பாட்டி நகை யாருடையது?

ஏற்காட்டில் ஒரு குடும்பத்தில் நடந்துவரும் தகராறு ஒன்று நமது கவனத்திற்கு வந்திருக்கிறது. பெயர் வேண்டியதில்லை. பெயரைச் சொன்னால் அந்த ஒரு வீட்டைக் கண்டித்ததாக முடியுமே ஒழிய, அதே தகராறு நடக்கின்ற மற்ற வீட்டுக்காரர்களெல்லாம் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று தப்பித்துக்கொள்வார்கள்.

சங்கதி இதுதான். எழுபத்தெட்டு வயதான ஓர் அம்மாளிடம் ஒரு தகரப் பெட்டி நிறையப் பழைய நகைகள் இருக்கின்றன. கெம்புக்கல் அட்டிகை ஒன்று, ராக்கொடி ஒன்று, ஒரு ஜோடி கம்மல், நாலு காப்பு. அவருடைய தாயார் கொடுத்தவை; தாயாருக்கு அவருடைய தாயார் கொடுத்தவை. பேத்தி பன்னிரண்டாம் வகுப்பில் தேறி, சேலத்தில் நர்ஸ் படிப்புக்கு இடமும் பெற்றுவிட்டாள். பணம் போதவில்லை. அந்த அம்மாள், “பெட்டியிலே தூங்குகிற தங்கம் பிள்ளைக்குப் படிப்பாகட்டும்” என்று விற்கத் தீர்மானித்தார். அவ்வளவுதான், மகன்மார் இருவரும் குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பரம்பரை நகையாம்! விற்றால் குலம் விளங்காதாம்! லட்சுமி மலையிறங்கிப் போய்விடுவாளாம்! ஜோசியர் ஒருவரும் வந்து, இந்த வருஷம் பொன் வீட்டைவிட்டு வெளியேறக் கூடாதென்று தட்சணை வாங்கிக்கொண்டு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இந்தப் பரம்பரைப் பக்தர்களை நாம் சில கேள்விகள் கேட்க ஆசைப்படுகிறோம்.

அந்த அம்மாளின் புருஷர் இறந்தபோது என்ன நடந்தது? காதிலும் கழுத்திலும் கையிலும் இருந்தவற்றை ஊரார் கூடிக் கழற்றிப் பெட்டியில் போட்டார்கள். இனி இவள் இவற்றைத் தொட்டுப் பூண்டால் பாவம் என்றார்கள். அன்று முதல் இன்று வரை ஒரு நாளாவது அவர் அட்டிகை போட்டுக் கண்ணாடி பார்த்ததுண்டா? இல்லை. லட்சுமி குடியிருக்கிறாள் என்று இப்போது சொல்லுகிற அதே நகையை, அன்றைக்கு அந்த அம்மாளின் உடம்பிலிருந்து உரித்தெடுத்தபோது லட்சுமி எங்கே போயிருந்தாள்?

அன்றியும், இந்த நகைகள் வீட்டைவிட்டு வெளியேறாதவைகளும் அல்ல. மூத்த மகன் கல்யாணத்திற்காக ஒரு தடவை சேலத்து அடகுக் கடைக்கு மலையிறங்கின. இளைய மகன் கடை வைக்க மறுதடவை இறங்கின. பேரனுடைய காதுகுத்து விருந்துக்காக மூன்றாம் தடவை இறங்கின. மூன்று தடவையும் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றிச்சுற்றி இறங்கின நகைகளை, காப்பித் தோட்டத்தில் பழம் பறித்த கூலியிலே வட்டி கட்டி மேலே ஏற்றி வந்தவர் யார்? அந்த அம்மாளேதான். அப்பொழுதெல்லாம் பரம்பரையும் குலமும் வாயைத் திறக்கவில்லை. ஆண்பிள்ளைக்கும் விருந்துக்கும் போனால் அது குடும்பக் காரியம். பெண்பிள்ளையின் படிப்புக்குப் போனால் அது குலநாசம்! இதற்குப் பெயர் பக்தியா, பித்தலாட்டமா என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

நிற்க, தெய்வங்களுடைய நகைகளின் கதையைச் சற்றுப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 21 கோவில்களுக்குக் காணிக்கையாக வந்து உபயோகமின்றிக் கிடந்த பொன் நகைகளை உருக்கிக் கட்டிகளாக்கி, ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட தங்கத்தைப் பாரத ஸ்டேட் வங்கியில் முதலீடு செய்திருப்பதாகவும், வருஷத்துக்குச் சுமார் 17 கோடி ரூபாய் வட்டி வருவதாகவும் அரசாங்கம் 2025-இல் சட்டசபையில் தெரிவித்தது. அதில் அதிகப் பங்கு சமயபுரம் மாரியம்மன் கோவிலுடையது. மாரியம்மன் கோபித்துக்கொண்டு வெளியேறியதாகத் தகவல் ஏதும் இல்லை. சாமிக்குப் போட்ட நகையையே உருக்கி வட்டி வாங்கலாம் என்று ஏற்பட்ட பிறகு, ஒரு பாட்டி பெட்டியிலுள்ள நகையைப் பேத்தி படிப்புக்கு விற்றால் மட்டும் மலை இடிந்து விழுமா?

நகை விற்பது நம் நாட்டுக்குப் புதிதுமன்று. 1931 செப்டம்பரில் இங்கிலாந்து தன் நாணயத்தைத் தங்கத்தோடு கட்டியிருந்த கட்டை அவிழ்த்துவிட்டது. தங்கத்தின் விலை ஏறிற்று. நம் குடியானவன் விளைவித்த பொருளின் விலையோ அதற்கு முன்பே படுத்துவிட்டது. வரி கட்ட வழியில்லாமலும், கடன்காரன் தொல்லை பொறுக்காமலும், நாடு முழுவதிலும் பெண்களின் தாலிச் சரடு முதல் கால் காப்பு வரையில் விற்கப்பட்டு, உருக்கப்பட்டு, பம்பாயிலிருந்து கப்பல் கப்பலாய் வெளிநாடு போயிற்று. காப்பி வியாபாரமும் அந்தக் காலத்தில் நலிந்து, 1935-இல் தனிச் சட்டம் போட்டு வரி வசூலித்துக் காப்பிக்கு விளம்பரம் செய்ய வேண்டிய நிலைமைக்கு வந்தது. அவ்வளவு நகையும் போனதே, எந்தப் பாட்டியை யார் கேட்டார்கள்? கடன்காரன் கேட்டால் கொடுக்கலாம், சர்க்கார் கேட்டால் கொடுக்கலாம், உடையவளே தன் இஷ்டப்படி கொடுத்தால்தான் சாஸ்திரம் குறுக்கே வருகிறது.

உடையவள் என்றோம். இதிலேதான் விஷயமே இருக்கிறது. 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் செய்தபோது சிரித்தவர்கள் உண்டு. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவு, பெண்ணின் கையிலுள்ள சொத்து அவளுக்கே முழு உரிமை என்றது. 1985-இல் சுப்ரீம் கோர்ட்டும், சீதனம் பெண்ணுக்கே சொந்தம், புருஷன் வீட்டார் அதை வைத்திருந்தாலும் ஒப்படைக்கப்பட்ட பொருளாகத்தான் வைத்திருக்கிறார்கள், திருப்பிக் கேட்டுக் கொடுக்காவிட்டால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று தீர்ப்புச் சொல்லிற்று. 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டசபை பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சமபங்கு என்று சட்டம் செய்தது. தாய் கொடுத்த நகை விஷயத்தில் மகன்மாருக்கு இருப்பது ஒரே ஒரு உரிமை: தாயார் கேட்டால் அபிப்பிராயம் சொல்லும் உரிமை. கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

ஒரே ஒரு ஆட்சேபணையை மட்டும் நாம் மதிக்கிறோம். “அந்த அட்டிகையைப் போல இன்று செய்ய ஆளில்லை, உருக்குவது பாவமாயிருக்கிறது” என்று மருமகள் சொன்னாளாம். பாவம் என்ற வார்த்தையை விட்டுவிட்டால் இது நியாயமான பேச்சு. கைவேலை தெரிந்த ஒரு பத்தர் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை அது. அவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது. ஆகவே, விற்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உருக்கும் விலைக்குத் தள்ளிவிடக் கூடாது. பழைய கல் நகைகளில் உள்ளே அரக்கு அடைத்திருக்கும். கல்லையும் அரக்கையும் கழித்துத் தங்கம் எவ்வளவு என்பதைத் தங்கள் கண்ணெதிரேயே நிறுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். முத்திரையில்லாத பழைய நகையென்று கடைக்காரர் முகம் சுளித்து விலையைக் குறைத்தால், மாற்றுப் பார்க்கும் இயந்திரத்தில் வைத்துக் காட்டச் சொல்லலாம். ஹால்மார்க் கட்டாயமென்பது கடைக்காரர் விற்கிற நகைக்குத்தானே தவிர, நாம் விற்கிற பழைய நகைக்கு அல்ல. ஒரு கடைக்கு இரண்டு கடை ஏறி இறங்க வேண்டும். பழமைக்காகவே வாங்கி அப்படியே வைத்துக்கொள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போனால் அட்டிகையும் பிழைக்கும், விலையும் கூடும். ஆனால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. சீமை விலை பேசுகிற தரகனை நம்ப வேண்டாம்.

பாட்டியின் ஞாபகார்த்தமாக இருக்கட்டுமே என்று மூத்த மகன் கடைசியாக ஒரு சமாதானம் சொல்லியிருக்கிறார். பாட்டி உயிரோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் ஐயா! அவருக்கு ஞாபகார்த்தம் எதற்கு? அவர் சொல்வதைக் காதில் வாங்கினால் போதாதா?

கல்லூரியில் பணம் கட்ட இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அந்த அம்மாள் பெட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, வருகிற வெள்ளிக்கிழமையே, வேண்டுமென்றே வெள்ளிக்கிழமையாகப் பார்த்து, பேத்தியோடு பஸ் ஏறப் போவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். மகன்மாருக்கு மறுப்பு இருந்தால் எழுதலாம். ஒரு எழுத்துக்கூடக் குறைக்காமல் பிரசுரிக்கிறோம். ஜோசியருக்குக் கொடுத்த தட்சணை எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதினால் நலமாயிருக்கும்.