மால்ட் பொட்டலமும் மெத்தனால் பீப்பாயும்

தாம்பரத்திலோ மேடவாக்கத்திலோ வசிக்கும் ஒருவர் பார்லி மால்ட்டையும் ஈஸ்ட்டையும் இணையவழியில் வாங்கிவிட முடியும். ஒன்று ஊட்டச்சத்து பானங்களின் மூலப்பொருள். மற்றொன்று ரொட்டிக் கடைகளில் அன்றாடம் புழங்குவது. கடற்கரைக் காற்றின் ஈரத்தில் மால்ட் நமுத்து வண்டு பிடிக்காமல் இறுக மூடி வைக்க வேண்டும். ஈஸ்ட்டைக் குளிரில் காக்க வேண்டும். அதுவரை அவை வெறும் மளிகைப் பொருள்களே.

பியர் தயாரிக்கும் நோக்கம் சேர்ந்துவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், உரிமமின்றி மது தயாரிப்பதை மட்டுமல்ல, அதற்கான பொருள்களையும் பாத்திரங்களையும் வைத்திருப்பதையும் குற்றமாகக் கருதுகிறது. விற்பனைக்கா, சொந்தப் பயன்பாட்டுக்கா என்ற வேறுபாடு இங்கு இல்லை. பிரிட்டன் 1963இல் வீட்டு பியருக்கான உரிமக் கட்டாயத்தை நீக்கியது; அமெரிக்கா 1978இல் சட்டமியற்றி அனுமதித்தது. நாமும் அவ்வழியே செல்ல வேண்டும் என்பதல்ல இக்கட்டுரையின் வாதம். மதுவால் சீரழிந்த குடும்பங்கள் நிறைந்த மாநிலத்தில் கட்டுப்பாட்டுக்கு நியாயம் உண்டு.

ஆனால், எந்தப் பொருளின் இருப்பை அரசு முதலில் கண்காணிக்க வேண்டும் என்பதே கேள்வி. 2023 மே மாதம் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மரக்காணத்திலுமாக 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் பலியாயினர். இரண்டிலும் உயிரைப் பறித்தது தானிய நொதிப்பு அன்று. தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால். உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வையைப் பறிக்கிறது, உயிரையும் குடிக்கிறது.

மெத்தனாலைக் கட்டுப்படுத்த மாநிலத்தில் 1959ஆம் ஆண்டிலிருந்தே விதிகள் உள்ளன. கள்ளக்குறிச்சிக்குப் பின் மதுவிலக்குச் சட்டமும் திருத்தப்பட்டு, தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. எனினும், தண்டனை என்பது மரணத்துக்குப் பின் வருவது. இருப்புக் கணக்கு அதற்கு முன்பே காப்பது. வாங்கிய அளவு, பயன்படுத்திய அளவு, எஞ்சிய அளவு ஆகிய மூன்றும் ஒவ்வொரு கிடங்கிலும் ஒத்துப்போக வேண்டும். மூடப்பட்ட ஆலைகளில் தேங்கிய இருப்பும் அந்தக் கணக்கில் வர வேண்டும்.

சமையலறை மால்ட் பொட்டலத்தின் நோக்கத்தை ஆராயும் சட்டம், ஆலையிலிருந்து நழுவும் மெத்தனால் பீப்பாயைத் தவறவிடுமானால், அதன் விலையை ஏழைகளே செலுத்துவார்கள்.