சுழி பார்ப்பதும் எக்கோ பார்ப்பதும்

ஆடி மாசம் எங்க ஊர் குருநாதசாமி கோயில் பண்டிகைக்கு வந்திருக்கிறீர்களா? வராதவர்களுக்காக: அந்தியூர் புதுப்பாளையத்தில் அப்போது கூடும் குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் ரொம்பப் பிரபலம். குதிரை வாங்க வருகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒருவர் நெற்றியிலும் கழுத்திலும் சுழி எங்கே இருக்கிறது என்று தடவித் தடவிப் பார்ப்பார். சுழி சரியில்லை என்றால் குடும்பத்துக்கு ஆகாதாம். இன்னொருவர் பல்லைப் பார்த்து வயசு கணக்குப் போடுவார், நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார். முதல் ஆள் பார்ப்பது ஜோசியம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். எங்கள் சொந்தத்தில் ஒருவருக்கு இதயம் பலவீனம். சிஆர்டி என்ற மிஷின் வைக்கலாமா என்று ஒரு மருத்துவமனையில் கேட்டிருக்கிறார்கள். ஸ்பெஷல் எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, "படத்துல கோளாறு பெருசாத் தெரியல, மிஷின் வெச்சாலும் ஆயுசு கூடும்னு சொல்ல முடியாது" என்று அனுப்பிவிட்டார்களாம். வீட்டிலும் "எல்லாம் விதி, காட்டை விக்க வேண்டியதில்லை" என்று அமைதியாகிவிட்டார்கள். எனக்கு மட்டும் கோபம். அந்தக் கோபத்தில் தேடிப் படித்ததுதான் கீழே இருப்பது. (நான் டாக்டர் இல்லை, மாணவன். தப்பு இருந்தால் சொல்லுங்கள்.)

இதயத்தின் இடது கீழறைக்குக் கரண்ட் கொண்டுபோகும் கிளை பழுதானால், நடுச்சுவர் முதலில் சுருங்கும், வெளிச்சுவர் தாமதமாகச் சுருங்கும். இரண்டு பேர் மூட்டை தூக்கும்போது ஆளுக்கொரு நேரத்தில் தூக்கினால் என்ன ஆகும்? அதேதான். சிஆர்டி இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் தூண்டிவிடுகிறது. இந்தப் பழுது சாதாரண ஈசிஜியிலேயே தெரியும். க்யூஆர்எஸ் என்ற பகுதி அகலமாகிவிடும். 130 மில்லி செகண்டுக்குக் குறைந்தால் பொதுவாக மிஷின் வைப்பதில்லை. இடது கிளை அடைப்போடு 150க்கு மேல் போனால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

பலன் என்பது வெறும் பேச்சில்லை. 2005ல் வெளியான கேர்-எச்எஃப் ஆய்வில் 813 பேர். மருந்து மட்டும் எடுத்த 404 பேரில் 120 பேர் இறந்தார்கள். மருந்தோடு மிஷினும் வைத்த 409 பேரில் 82 பேர். ஆனால் மிஷின் வைத்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு எதிர்பார்த்த முன்னேற்றம் வருவதில்லை. அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கும் ஆசையில்தான் எக்கோ ஜோசியம் ஆரம்பித்தது.

அந்த ஜோசியத்தைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். 2008ல் வந்த ப்ராஸ்பெக்ட் ஆய்வு: 53 மருத்துவமனைகள், 498 நோயாளிகள், 12 விதமான எக்கோ அளவுகள். யாருக்கு மிஷின் வைப்பது என்று தீர்மானிக்க இதில் ஒன்றைக்கூடப் பரிந்துரைக்க முடியாது என்பதுதான் முடிவு. ஒரே படத்தை இரண்டு இடத்தில் அளந்தால் இரண்டு பதில் வந்தது!

அடுத்தது 2013ல் வந்த எக்கோ-சிஆர்டி. ஈசிஜி அகலம் 130க்குக் கீழே, ஆனால் எக்கோ மட்டும் "ஒத்துழைப்பு இல்லை" என்று சொன்ன 809 பேர். எல்லோருக்கும் மிஷின் பொருத்தி, பாதிப் பேருக்கு மட்டும் சிஆர்டியை ஓடவிட்டார்கள். ஓடவிட்ட 404 பேரில் 45 பேர் இறந்தார்கள். ஓடவிடாத 405 பேரில் 26 பேர். படத்தை நம்பி வைத்தது பலன் தரவில்லை, சாவுதான் கூடியது. ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

அப்படியானால் எந்தப் படமும் வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. சந்தைக்கு வந்த இரண்டாவது ஆள் பல்லையும் காலையும் பார்த்தாரே, அந்த மாதிரிப் படமும் உண்டு. எம்ஆர்ஐயில் காடோலினியம் என்ற மருந்தை ஏற்றினால், இதயச் சதையில் தழும்பு எங்கே, எவ்வளவு என்று தெரியும். தழும்பில் கரண்ட் சரியாகப் பரவாது. அங்கே போய்க் கம்பியை வைத்தால், செத்த ஒயரில் பல்பு மாட்டிய கதைதான். ஆக, இந்தப் படம் டாக்டரின் கைவேலையை மாற்றுகிறது.

இதற்கு உதாரணம் தேடி அமெரிக்கா போக வேண்டாம், மதுரை போதும். வேலம்மாள் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஷண்முகசுந்தரம் பொன்னுசாமி குழுவினர் நடத்தி, 2023ல் வெளியிட்ட ஆய்வின் பெயரே 'மதுரை'. பழுதான இடது கிளையையே நேராகத் தூண்டும் முறை அது. எம்ஆர்ஐயில் தழும்பு குறைவு என்றால் சாதாரண பேஸ்மேக்கர் போதும், அதிகம் என்றால் அதிர்ச்சி கொடுக்கும் விலை கூடிய மிஷின் என்று பிரித்தார்கள். சின்ன ஆய்வுதான், குலுக்கல் போட்டுப் பிரித்ததும் இல்லை, முடிவான தீர்ப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வி சரியான கேள்வி: எந்த மிஷின் யாருக்கு? சில லட்சம் மிச்சமாகிற கேள்வியும் அதுதான்.

இன்னொன்று. 2013ல் திருவனந்தபுரம் பதிவேட்டில் சேர்ந்த 1205 இதயச் செயலிழப்பு நோயாளிகளில் சுமார் 31 சதவீதம் பேர் ஒரே வருஷத்தில் இறந்தார்கள். பம்ப் பலவீனமானவர்களில் முழு மருந்துக் கூட்டணியோடு வீட்டுக்குப் போனவர் நாலில் ஒருவர்தான். மாத்திரையைச் சரியாகக் கொடுக்காமல், ஆயுசைப் படத்தில் தேடி என்ன பிரயோஜனம்?

ஆகவே மக்களே, அடுத்தமுறை யாராவது ஸ்பெஷல் படம் எழுதிக் கொடுத்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஏனுங்க டாக்டர், இந்தப் படம் வேற மாதிரி வந்தா நீங்க என்னத்த மாத்துவீங்க?" பதில் இருந்தால் தாராளமாக எடுங்கள். இல்லையென்றால் அது சுழி.

பி.கு: சொந்தக்காரரின் ஃபைலைப் புரட்டினேன். எக்கோவுக்கு அடியில், யாரும் கண்டுகொள்ளாத பழைய ஈசிஜி ஒன்று. இடது கிளை அடைப்பு, அகலம் 158. அடுத்த வாரம் அதை எடுத்துக்கொண்டு அவரோடு கோயமுத்தூர் போகிறேன், வேறொரு டாக்டரைப் பார்க்க.