ஓய்வு நாளை விற்காதீர்கள்!

ஆறு நாள் உழைத்தவனுக்கு ஏழாம் நாள் யாருடையது? தோட்டத்துக்குச் சொந்தமா, அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் சொந்தமா? கேள்வி சின்னதுதான். ஆனால் பல தோட்டங்களில் இதற்கு நேரான பதில் கிடைப்பதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மண்டோர் வந்து, "நாளைக்கு வெட்டு இருக்கு, டபுள் சம்பளம், யார் யார் வர்றீங்க?" என்று கேட்டால் பேர் கொடுக்காதவர் குறைவு. ஏன் என்று நாம் கேட்டால், "வீட்டுல சும்மா கெடந்து என்னா பண்றது அண்ணே, நாலு காசு பாத்தா புள்ளைங்க படிப்புக்கு ஆகும்ல?" என்கிறார்கள்.

இதைப் பேராசை என்று நாம் சொல்லமாட்டோம். மழை பிடித்துக்கொண்டால் பால்வெட்டு இல்லை. காய்ப்புக் குறைந்த மாதங்களில் செம்பனைக் குலைக் கணக்கும் இறங்கிவிடும். அந்த மாதத்துக் கடைக் கடனை, ஓய்வு நாளை விற்றுத்தான் அடைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த நாள் நமக்கு எப்படி வந்தது என்பதை மறந்துவிடலாமா?

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். கூலியை மட்டுமா கேட்டார்கள்? பத்து, பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழிக்கச் சொன்னார்கள். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் வந்து போகத் தடை கூடாது என்றார்கள். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். முன்னணியில் நின்ற ஆர்.எச்.நாதன் நாடு கடத்தப்பட்டார். அவர்கள் கேட்டது வயிற்றுக்கு மட்டுமல்ல, மனிதனாய் வாழ்வதற்கும் சேர்த்துத்தான்.

இன்று சட்டம் நம் பக்கம் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி வாரத்துக்கு ஒரு முழு நாள் ஓய்வு உண்டு. சட்டம் சொல்லும் சில அவசர, தொடர் வேலைகளைத் தவிர, அந்த நாளில் வேலைக்கு வரும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. 2023 ஜனவரி முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. ஓராண்டாவது வேலை செய்த தகப்பனுக்கு 7 நாள் விடுப்பு வந்தது. இதெல்லாம் நம் வீட்டுக்காக வந்த சட்டம். ஏட்டில் மட்டும் இருந்து என்ன பயன்?

"பழம் காத்திருக்காது" என்று நிர்வாகம் சொல்லும். உண்மைதான், பழுத்த குலையை மரத்தில் விட்டுவைத்தால் எண்ணெயின் தரம் கெடும். ஆனால் பிள்ளைகளும் காத்திருக்க மாட்டார்கள். அப்பாவின் முதுகையே பார்த்து வளர்ந்த பிள்ளை, பதினைந்து வயதில் யார் பேச்சைக் கேட்கும்? நீண்ட கழியைத் தூக்கி நாளெல்லாம் குலை வெட்டுகிறவனின் தோளும் இடுப்பும் ஏழு நாளும் தாங்குமா? இடுப்புப் பிடித்துப் படுத்துவிட்டால், சேர்த்த டபுள் சம்பளம் எத்தனை நாளைக்கு வரும்?

பெண்களின் கதை இன்னும் மோசம். விடியுமுன் எழுந்து சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போகும் தாய்க்கு, ஓய்வு நாளிலும் ஓய்வு கிடையாது. துணி துவைப்பதும் வீடு கழுவுவதும் அன்றைக்குத்தான். நிர்வாகத்திடம் ஓய்வு கேட்கும் ஆண்கள், அதே நியாயத்தை அடுப்படியிலும் காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சோற்றை நீங்கள் வடித்தால் மீசை உதிர்ந்துவிடாது, ஐயா!

நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. 2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. அந்தத் தொகை ஆறு நாள் உழைப்பிலேயே கைக்கு வர வேண்டும் என்பது நம் நிலை. ஏழாம் நாளும் இறங்கினால்தான் எட்ட முடியும் என்றால், குலைக்குக் கொடுக்கும் விலையில்தான் கோளாறு. இதைச் சங்கம் பேச வேண்டும், விடாமல் பேச வேண்டும். நம்மோடு நிற்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கும் சேர்த்தே பேச வேண்டும். கடல் கடந்து இருக்கும் பிள்ளையோடு அவர்கள் நிதானமாகப் பேசக் கிடைப்பதும் அந்த ஒரு நாள்தானே?

தோழர்களே, இனி ஒருநாளும் ஓய்வு நாளில் இறங்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. அவசரம் என்றால் போங்கள். போனால் இரட்டை விகிதம் சரியாக ஏறியிருக்கிறதா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். குறைந்தால் சங்கக் கிளையில் சொல்லுங்கள். ஆனால் வாராவாரம் விற்றுப் பழகாதீர்கள். எல்லோரும் விற்றுக்கொண்டே இருந்தால், "இவர்களுக்கு ஓய்வு எதற்கு?" என்று கேட்க ஆள் வரும். அப்போது வேண்டாம் என்று சொல்ல நினைக்கிறவனுக்கும் வாய் இருக்காது.

நாம் உழைப்பது வாழ்வதற்கு. வரும் ஞாயிறு வீட்டில் இருங்கள்.