கொடுத்தவன் எழுதிய கணக்கு

கடன்பட்டவன் கணக்கெழுதுவதில்லை, கடன் கொடுத்தவனே எழுதுகிறான். இந்த வழமை மட்டக்களப்பு மண்ணுக்குப் புதியதன்று. படுவான்கரை வயல்களிலே முல்லைக்காரன் விதைப்புக் காலத்தில் வாங்கிய நெல்லும் காசும் போடியாரின் கணக்கிலேதான் இருந்தன. சூடு மிதித்த களத்தில் அவர் சொன்னதே கணக்கு. மறுத்துரைக்க ஏழையிடம் வேறு ஏடு ஏது?

இன்று அந்த ஏடு கொழும்புக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கை கொடுகடன் தகவல் பணியகமே அதன் இருப்பிடம். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தாம் கொடுத்த கடன், தவறிய தவணை, பிணை நின்றவர் பெயர் ஆகியவற்றை அங்கே அனுப்புகின்றன. 'கிரிப்பில் பெயர் விழுந்துவிட்டது' என்று வாவியின் இரு கரையிலும் மக்கள் அஞ்சிப் பேசுவது இதனைத்தான். தாம் எவரையும் கறுப்புப் பட்டியலில் சேர்ப்பதில்லை, கடன் கொடு என்றோ கொடாதே என்றோ கூறுவதுமில்லை என்பது பணியகத்தார் விளக்கம். உண்மைதான். ஆயினும் கம்பனி அனுப்பிய வரியே அங்கு உண்மையாக நிற்கிறது. அதைப் பார்த்தே அடுத்த வங்கி கதவைச் சாத்துகிறது.

அந்த வரியில் பிழை ஏறுவது எவ்வாறு? நம் பெண்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர் இல்லை. ஒரு பத்திரத்தில் தகப்பன் பெயரின் முதலெழுத்து. மற்றொன்றில் கணவன் பெயர். அதனை ஆங்கில எழுத்தில் பதியும் ஒவ்வொரு எழுதுவினைஞரும் தமக்குத் தோன்றியவாறு பதிகிறார். 9 இலக்கமும் ஓர் எழுத்துமாக இருந்த அடையாள அட்டை எண், 2016 முதல் புதிய அட்டைகளில் 12 இலக்கமாயிற்று. ஒருத்திக்கே இரண்டு எண்கள்! 2004 டிசம்பரில் நாவலடியிலும் கல்லடியிலும் கடல் வீடுகளை வாரிச் சென்றபோது பத்திரங்களையும் சேர்த்தே கொண்டுபோயிற்று. இவற்றுக்கு மேலாக, கட்டி முடித்த கடன் கட்டாத கடனாகவே நிற்பதும், பொறுப்புத் தீர்ந்த பின்னும் பிணைகாரியின் பெயர் நீங்காதிருப்பதும் நேரக்கூடியவை.

2009இல் போர் ஓய்ந்தது. பாதைகள் வந்தன, 2014இல் மண்முனைப் பாலமும் திறந்தது. அவற்றின் மேல் நுண்கடன் வசூலிப்போரின் மோட்டார் சைக்கிள்களும் விரைந்து வந்தன. 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் நிபுணர் யுவான் பாப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடனால் பெண்கள் படும் துயரைத் தம் அறிக்கையில் பதிந்தார். அதே ஆண்டு, வறட்சி தாக்கிய மாவட்டங்களில் தவணை தவறிய பெண்களின் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. நாம் கேட்கிறோம்: தள்ளுபடியான கடன் ஏட்டிலும் தள்ளுபடியாயிற்றா? ஒவ்வொரு பெயராகச் சரிபார்க்கும் கடமை யாருடையது?

திருத்த வழி உண்டு. தன் அறிக்கையைக் கேட்டுப் பெற எவருக்கும் உரிமை உண்டு; பிழை கண்டால் முறையிடலாம். ஆனால் பணியகம் தானாக ஓர் எழுத்தையும் மாற்றாது. முறைப்பாடு கடன் கொடுத்த கம்பனிக்கே திரும்பிப் போகும். அது ஒப்பினால்தான் திருத்தம். எழுதியவனே நீதிபதி! பிழை செய்தவன் நாற்காலியில் அமர்ந்திருக்க, பிழை சுமந்தவள் ஒருநாட் கூலியை இழந்து பற்றுச்சீட்டைத் தேடி அலைகிறாள்.

'ஏடு இல்லையேல் ஏமாற்றுக்காரர் பெருகுவர். வைப்பாளர் பணம் என்னாவது?' என்பார் சிலர். ஏட்டை எரிக்கச் சொன்னவர் யார்? மெய்யான ஏடு வேண்டும் என்பதே நம் வாதம். பொய்க்கணக்கு வைப்பாளரையும் காப்பதில்லை. 2023 அக்டோபரில் இந்திய ரிசர்வ் வங்கி ஓர் ஆணை பிறப்பித்தது: முறைப்பாடு 30 நாளுள் தீராவிடில், பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும் முறையிட்டவருக்கு 100 ரூபாய் இழப்பீடு. முதலாளித்துவத்தின் தலைப்பீடமான அமெரிக்காவிலேயே 1970இல் கடன் அறிக்கைச் சட்டம் வந்துவிட்டது. அங்கெல்லாம் முடிந்தது இங்கு ஏன் முடியாது?

ஆகவே நாம் கோருவன இவை. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை அறிக்கை இலவசமாக, அவரவர் மொழியில், பிரதேச செயலகத்திலேயே கிடைக்க வேண்டும். மறுக்கப்பட்ட வரி, விசாரணை முடியும் வரை ஏட்டில் நிறுத்தி வைக்கப்பட வேண்டும். நிரூபிக்கும் சுமை எழுதியவன் மேல் விழ வேண்டும். பிழைக்குத் தண்டமும் வேண்டும்.

சட்டம் வரும்வரை ஆசிரியர்களும் மாணவர்களும் கைகட்டி நிற்பதா? கொக்கட்டிச்சோலையிலும் வவுணதீவிலும் வாழைச்சேனையிலும் வாசிகசாலைகள் இல்லையா? வாரம் ஒரு மாலை அங்கே அமருங்கள். அறிக்கையை வரிவரியாக வாசித்துக் காட்டுங்கள், பற்றுச்சீட்டோடு ஒப்பிடுங்கள். கம்பனிக்கும் பணியகத்துக்கும் ஒரே நாளில் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். மறுமொழி வாராவிடில், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடுங்கள். ஒருத்தியின் கடிதம் குப்பைக் கூடையில் விழலாம். ஒரு கிராமமே எழுதினால் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

களத்தில் போடியார் சொன்ன கணக்கைத் தலைகுனிந்து கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எழுத்தறிந்தவர்கள். ஏட்டைத் தம் கண்ணாலேயே அவர்கள் படித்துப் பார்க்கட்டும்.