கிளச்சும் நிகண்டும்

மோட்டார் வண்டியின் கிளச்சை வீட்டு முற்றத்திலே கழற்றி மாற்றும் தொழிலைப் பற்றித் தமிழ்ப் பண்டிதன் ஒருவன் எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். பட்டறைக்கும் பாடசாலைக்கும் என்ன உறவு என்பர். உறவு உண்டு; அது பழைய உறவு; நாம்தாம் மறந்திருக்கின்றோம். எங்கள் வடபுலத்தில் அத்தொழிலை நன்கறிந்த கைகள் ஓய்ந்து வருகின்றன. அக்கைகள் அறிந்தது ஏட்டில் ஏறவில்லை. ஏற்றவேண்டியவர்கள் தமிழாசிரியர்கள் என்பதே என் வழக்கு.

சூடாமணி நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளுள் ஒன்று செயற்கை வடிவப் பெயர்த்தொகுதி. மனிதன் கையாற் செய்த பொருள்களுக்கென்றே மண்டல புருடர் ஒரு தொகுதி வகுத்தார். தேரையும் வண்டியையும் பற்றி நம் நிகண்டுகள் தொகுத்துத் தரும் அச்சு, ஆர், குடம், நுகம், கொடிஞ்சி, நேமி முதலிய பெயர்களைப் புலவர்கள் திண்ணையிலிருந்து புனைந்தார்களா? தொழில் செய்வோர் நாவில் வழங்கியவற்றையே தொகுத்தார்கள். நேமி வடசொல்லாயிற்றே என்று அதனை வாயிலில் நிறுத்தவுமில்லை.

1990 ஆம் ஆண்டு ஆனியில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கிற்குப் பெற்றோலும் மோட்டார் உதிரிப்பாகங்களும் வருதல் தடைப்பட்டது. 1950களிலும் 1960களிலும் வந்திறங்கிய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் அக்காலத்தில் எங்களைக் கைவிடவில்லை. சிறிது பெற்றோலை ஊற்றி எஞ்சினைக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினர். மண்ணெண்ணெயில் இழுவை குறைவு. ஏற்றிய பாரமோ அதிகம். நோயாளரும், இடம்பெயர்ந்த குடும்பங்களும், அவர்தம் தட்டுமுட்டுகளும் ஒரே வண்டியில் ஏறின. மிதியைப் பாதியளவில் பிடித்துப் பிடித்து ஓட்டியதில் கிளச் தகடுகள் எரிந்தன. அதே 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையமொன்று, தென்னிலங்கையில் தொழிற்சாலை அமைத்து மைனருக்குரிய உறுப்புகளைச் செய்வித்து வந்தது. இத்தீவில் உருவான உறுப்பு பாத்திற்குப் போயிற்று, பளைக்கு வரவில்லை.

ஆகவே வேலை முற்றத்தில் நடந்தது. அக்காலத்தில் இளைஞனாயிருந்த நான் ஒரு மைனருக்குக் கிளச் மாற்றியபோது விளக்குப் பிடித்தவன். அதனாலே முறையைச் சிறிது விரித்துரைக்கத் துணிகின்றேன்.

எஞ்சினின் பின்புறத்தே சுழலும் பாரச் சில்லு பிளைவீல். அதற்கும் பிறஷர் பிளேற்றுக்கும் இடையே, விற்சுருள்களின் வலியால் கிளச் பிளேற் நெருக்குண்டு நிற்குமளவும் எஞ்சினின் சுழற்சி கியர்பொக்சுக்குச் செல்லும், மிதியை அழுத்தினால் நெருக்கம் நீங்கும், சுழற்சி அறும். எஞ்சின் இரைந்தும் வண்டி முன்செல்லாதாயின், தகடு தேய்ந்தது என்று உடனே முடிவு கட்டலாகாது. மிதியில் சிறிது வெற்றசைவு இருத்தல் வேண்டும். அஃதில்லையேல் புதுத் தகடும் வழுக்கும். மைனரில் அதனைச் சரிசெய்வது ஒரு கம்பியும் அதன் நுனியிலுள்ள நட்டுமே. "தம்பி, முதல் நட்டைப் பார், பிறகு காசைப் பார்" என்றார் அன்று வேலை செய்த அண்ணை. எத்தனையோ பேர் வீணே தகடு தேடி அலைந்ததை அவர் கண்டிருந்தார்.

தகடுதான் தேய்ந்தது எனத் தெளிந்தபின், பற்றறி வயரைக் கழற்றி, வண்டியினுள்ளே தரைவிரிப்பையும் கியர்பொக்சின் மேல்மூடியையும் நீக்கி, பின்னச்சுக்குச் செல்லும் தண்டை விடுவித்து, எஞ்சினுக்குக் கீழே முட்டுக்கொடுத்து, குறுக்குச் சட்டத்தைக் கழற்றி, கியர்பொக்சை நேரே பின்னுக்கு இழுத்து இறக்குவர். வெறும் ஜக்கை நம்பி எவரும் வண்டிக்கடியிற் படுத்தலாகாது. தென்னஞ்சோலை சூழ்ந்த எங்கள் ஊரில் தாங்குகட்டைக்குப் பஞ்சமிருக்கவில்லை. பிறஷர் பிளேற்றின் போல்ற்றுகளை ஒவ்வொன்றாய் முற்றக் கழற்றாது எதிரெதிராய்ச் சிறிது சிறிதாகத் தளர்த்தவேண்டும். அன்றேல் அது கோணும். பழைய லைனிங்குகளின் தூளிற் கல்நார் இருக்கும். அதனை வாயால் ஊதுதல் கேடு. ஈரத்துணியால் துடைத்தெடுத்தல் வேண்டும். அன்று இதனை எங்களுக்குச் சொல்வாரில்லை; நாங்கள் ஊதினோம்.

தேய்ந்த லைனிங்கை நீக்கி, வேறு லைனிங்கைத் தறைந்து பொருத்தியபின் வருவதுதான் நுட்பமான கட்டம். தகட்டின் நடுத்துளை பிளைவீலின் மையத்தோடு ஒத்து நில்லாவிடின், கியர்பொக்சின் தண்டு எவ்வளவு தள்ளினும் உட்புகாது. அதற்கென விற்கப்படும் கருவி எங்களிடம் ஏது? அண்ணை ஒரு பூவரசங் கட்டையை எடுத்தார். கியர்பொக்ஸ் தண்டின் பருமனை நூலால் அளந்து, சீவுவதும் வைத்துப் பார்ப்பதுமாக ஒரு பகற்பொழுதின் பெரும்பங்கைக் கழித்தார். "சென்ரர் கட்டை" என்று அதற்குப் பெயரும் சொன்னார். அதனைச் செருகித் தகட்டை மையத்தில் நிறுத்தி, போல்ற்றுகளை முறுக்கியபின் கட்டையை உருவினார். கியர்பொக்ஸ் முதல் தள்ளலிலே ஏறிற்று. அதன் பாரம் தகட்டின்மேல் ஒரு கணமும் தொங்காதபடி நால்வர் தாங்கி நின்றோம்.

இனிச் சொல்லைப் பார்ப்போம். உறுப்புகளின் பெயர்களிற் பெரும்பாலன ஆங்கிலம். வினைகளோ? கிளச் 'வழுக்குது', 'உதறுது', 'விடுகுதில்லை'. கியர் 'விழுகுதில்லை'. தகடு 'எரிஞ்சு போச்சு'. இவற்றுள் ஒன்றேனும் இரவலா? நோயின் குணங்குறி முழுவதையும் தொழிலாளர் தமிழ் வினையாலேயே சொல்லி முடித்துவிட்டனர். வழுக்குதல் என்றவுடன் தேய்வோ எண்ணெய்க் கசிவோ வெற்றசைவின்மையோ என்று அவர் கை தேடத் தொடங்கும்; விடாமை என்றால் தேடுமிடம் வேறு. நாமோ பெயரைப் பற்றியே வழக்காடிக்கொண்டிருக்கின்றோம். உரசிணைப்பி என்பது நல்ல ஆக்கந்தான். நூலின் முகப்பில் அதனை ஒருமுறை தந்துவிடலாம். ஆயினும் வண்டிக்கடியிற் கிடப்பவனுக்கு எழுதும் நூலில், அவன் அறிந்த கிளச்சை விலக்கி உரசிணைப்பியையே பக்கந்தோறும் நிறுத்தினால், அவன் நூலை விலக்கிவிடுவான். தூய்மை பேணும் என் நண்பர்கள் சினப்பார்களாயின் சினக்கட்டும்.

இத்தகைய முயற்சி எங்கள் மண்ணுக்குப் புதிதன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலிருந்து மேலை மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். அதற்குரிய நூல்களையும் தமிழில் ஆக்கி அச்சிடுவித்தார். மனித உடலின் உறுப்புகளுக்கு அன்றே தமிழில் நூல் கண்ட நாட்டில், எங்கள் பட்டறைப் பேச்சில் எழுதிய வண்டிக் கைந்நூல் ஒன்றை நான் இன்றுவரை கண்டேனில்லை.

கைப்பேசியில் காணொளிகள் உள்ளனவே என்று மாணவர் சொல்வர். உள்ளன, பயனுடையனவும் உள. அவற்றிற் பெரும்பாலன எல்லாக் கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒருவனுக்காகச் செய்யப்பட்டவை. 2020 பங்குனியில் இந்நாடு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025 மாசியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டில் பழைய வண்டிகளின் விலை ஏறிற்று. இருந்ததைப் பழுதுபார்த்தே காலங் கழிக்க நேர்ந்தது. பூவரசங் கட்டையின் அறிவு போர்க்காலத்துக்கு மட்டுமே உரியது என்று எவர் சொல்லவல்லார்?

உயர்வகுப்பு மாணவருக்கு நாம் கொடுக்கும் கட்டுரைத் தலைப்புகள் யாவரும் அறிந்தவையே. அவற்றுள் ஒன்றை விடுத்து, ஒவ்வொருவரையும் தத்தம் ஊர்க் கராஜுக்கு அனுப்பி, ஒரு முதியவர் ஒரு வேலையைச் சொல்லக் கேட்டு அவர் சொல்லிலேயே எழுதிவரச் செய்யலாம். வழக்குச் சொல்லை வழுவென்று சிவப்பு மையால் அடித்தல் மட்டும் ஆகாது. எழுத்துப்பிழையை வழக்கம்போல் திருத்தலாம்.

எனக்கு விளக்குப் பிடிக்கத் தந்த அந்த அண்ணைக்கு இப்பொழுது வயது எண்பதைக் கடந்துவிட்டது. மிதியை அழுத்துகையில் பிறஷர் பிளேற்றைத் தள்ளும் கரி வளையம் மைனரில் தேய்ந்துபோனால், அதற்கீடாக அக்காலத்தில் எதனைக் கடைந்து வைத்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். பாடசாலை விடுமுறை தொடங்கியது முதல் அவர் சொல்லச் சொல்ல எழுதி வருகின்றேன். நாற்பது பக்கம் ஆயிற்று. கியர்பொக்சை இன்னும் இறக்கவில்லை.