எல்லைக்கோடு அழிந்த பிறகு நேரு வீதி

புதுச்சேரி நேரு வீதியில் வியாபாரம் ஏன் படுத்துவிட்டது என்று எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் ஆன்லைன் விற்பனையைச் சொல்வார், வண்டி நிறுத்த இடமில்லாததைச் சொல்வார். இரண்டும் உண்மைதான். ஆனால், இந்த வீதியின் அடித்தளத்தையே அசைத்தவை வேறு இரண்டு: 2017இல் வந்த ஜிஎஸ்டி, 2020இல் முடிந்துபோன ஆலை வாழ்க்கை.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் இது துய்ப்ளே வீதி. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. பின்னர் வீதியின் பெயரும் மாறியது. எல்லைக்கு இந்தப் பக்கம் வரி குறைவு, அந்தப் பக்கம் அதிகம் என்ற கணக்கு மட்டும் நீண்டகாலம் மாறவில்லை. கடலூர், பண்ருட்டி, விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் குடும்பங்கள் பஸ் செலவு போகவும் மிச்சம் பிடிக்கலாம் என்றுதான் கல்யாணச் சீர் வாங்க இங்கே வந்தன. டிவிக்கும் கிரைண்டருக்கும் வந்தவர்கள் ஜவுளி எடுத்தார்கள், பாத்திரக்கடை ஏறினார்கள், பெரிய மார்க்கெட்டில் பூ வாங்கினார்கள், ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தார்கள். ஒரு பொருளின் வரிச்சலுகை பத்துக் கடைகளுக்குச் சோறு போட்டது.

மாநிலங்களின் விற்பனை வரி விகிதங்கள் நெருங்கி வந்தபோதே இந்த இடைவெளி சுருங்கத் தொடங்கிவிட்டது. 2017 ஜூலை 1 அதை முடித்து வைத்தது. ஜிஎஸ்டிக்கு வெளியே நின்றவற்றில் முக்கியமானவை மது, பெட்ரோல், டீசல். ஆகவே ‘புதுச்சேரியில் மலிவு’ என்ற பேச்சு இன்று மதுக்கடைக்கும் பெட்ரோல் பங்குக்கும் உரியதாகிவிட்டது. பாட்டில் வாங்க வருபவர் மனைவி மக்களோடு வருவதில்லை. ஜவுளிக்கடைப் படியும் ஏறுவதில்லை. நம் அரசு இந்த இழப்பைக் கலால் வருவாயை வைத்து ஈடுகட்டிக்கொள்ளலாம். நேரு வீதியில் துணி கிழித்துக் கொடுப்பவரால் அது முடியாது.

இன்னொரு தூண், ஆலைத் தொழிலாளி. 1898இல் ரோடியர் மில்லாகத் தொடங்கிய ஏஎஃப்டி, சுதேசி, பாரதி ஆகிய ஆலைகளின் சம்பள நாள்தான் ஒருகாலத்தில் இந்த ஊர்க் கடைத்தெருவின் மாதக்கணக்கு. 1936 ஜூலை 30இல் துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு உயிர்களைப் பறிகொடுத்து உரிமை கேட்ட வர்க்கம் அது. அவர்கள் வாங்கிய தீபாவளி போனஸ் மறுநாளே ஜவுளிக்கடைக் கல்லாவில் இருக்கும். 2020 ஏப்ரல் 30இல் ஏஎஃப்டி மூடப்பட்டது. அந்தப் பணத்தின் இடத்தை நிரப்ப இன்றுவரை ஒரு தொழிலும் வரவில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த சொல்தாக்களின் ஓய்வூதியப் பணமும் தலைமுறை மாற மாறக் குறைந்துகொண்டே போகிறது.

பதிலுக்கு யார் வந்திருக்கிறார்கள்? வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வரும் சுற்றுலாப் பயணிகள். நகரைப் பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியில் தங்கி, அங்கேயே சாப்பிட்டு, மிஷன் வீதியில் தோல் பையும் ஊதுபத்தியும் வாங்குகிறார்கள். அந்த வியாபாரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஊருக்கு அதுவும் வேண்டும். ஆனால், பள்ளிச் சீருடையும் குத்துவிளக்கும் குக்கர் கேஸ்கட்டும் விற்கும் கடையைச் சுற்றுலாப் பயணி காப்பாற்ற மாட்டார்.

உள்ளூர்த் தேவை செத்துவிடவில்லை என்பதற்கு ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிக்குப் போய்ப் பார்த்தால் போதும். பூட்டிய கடைகளின் முன்னால் தார்ப்பாய் விரித்து நைட்டி, செருப்பு, பழைய இரும்புச் சாமான்கள், பிளாஸ்டிக் குடம் எல்லாம் குவிந்து கிடக்கும். பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் வந்த பெண்கள் குனிந்து துணியை உதறிப் பார்த்து, தையலை இழுத்துப் பார்த்து, “நூறுக்கு ரெண்டு குடுண்ணா” என்று பேரம் பேசுவார்கள். வாங்கும் ஆள் இருக்கிறார். அவரிடம் இருக்கும் பணத்தின் அளவுதான் மாறியிருக்கிறது.

இந்த நிலையில்தான் குபேர் அங்காடி என்ற நம் பெரிய மார்க்கெட்டை இடித்துக் கட்டும் யோசனை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் வந்தது. கட்டடம் பழசு, கழிவுநீர் வசதி மோசம், தீப்பிடித்தால் வண்டி நுழையாது. புதுப்பிக்கத்தான் வேண்டும். ஆனால், எல்லோரையும் ஒரேயடியாகக் கடலூர் சாலையிலுள்ள ஏஎஃப்டி திடலுக்கு அனுப்புவதை வியாபாரிகள் எதிர்த்தார்கள். பகுதி பகுதியாகக் கட்டுங்கள் என்றார்கள். அதை வளர்ச்சிக்குத் தடை என்று பேசியவர்கள் உண்டு. என் பார்வையில் வியாபாரிகள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

காலையில் தண்டல்காரரிடம் பணம் வாங்கிப் பூவோ கீரையோ எடுத்து, மாலைக்குள் விற்று வட்டியோடு கட்டும் பெண்ணுக்கு ஒரு வாரம் வியாபாரம் படுத்தாலே முதல் போய்விடும். அவரிடம் வாங்குபவர்கள் நேரு வீதிக்கு வேறு வேலையாக வந்து, போகிற போக்கில் வாங்குகிறவர்கள். பூவுக்காக மட்டும் கடலூர் சாலைத் திடல்வரை யாரும் போக மாட்டார்கள். மார்க்கெட்டைப் பெயர்த்தால் எதிர்ச்சாரி மளிகைக் கடைக்கும் கூட்டம் போய்விடும்.

சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014இலேயே வந்துவிட்டது. கணக்கெடுக்க வேண்டும், சான்றிதழ் தர வேண்டும், வியாபாரிகளும் இடம்பெறும் குழுவைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும் என்கிறது அது. மார்க்கெட் விஷயத்தில் நகராட்சி அங்கிருந்தே தொடங்கலாம். முதல் சுவரை இடிப்பதற்கு முன்பு கடை எண், பரப்பு, வாடகை மூன்றையும் முத்திரையிட்ட தாளில் எழுதி ஒவ்வொரு வியாபாரியின் கையிலும் கொடுக்க வேண்டும். தினமும் கட்டிய அடிக்காசுக்கான சீட்டைத் தவிர வேறு ஆதாரம் இல்லாத கூடைக்காரப் பெண்களுக்கும் சேர்த்து.