சத்தியை மறைக்க வேண்டாம்

சவுத்தாலில் நாங்கள் இருக்கும் வீட்டில் குசினிக்கும் மாமியின் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மாமிக்குக் கீமோ ஏற்றிய முதல் கிழமை, தெம்பு வரட்டும் என்று மீன்குழம்பு வைத்தோம். அவருக்கு மிகவும் பிடித்த சாப்பாடு. வெங்காயம் எண்ணெயில் விழுந்ததுமே மாமி வாளியைத் தேடினார். இன்றைக்கும் மீன்குழம்பு என்றால் முகத்தைத் திருப்புகிறார். மருந்து ஏற்றும் நாட்களில் விருப்பமான சாப்பாட்டைக் கொடுத்தால், பிறகு அந்தச் சாப்பாடே வெறுத்துப்போகலாம் என்று தாதி சொல்லித்தான் அறிந்தோம்.

அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் விட்டோம். வைத்தியசாலையில் "சத்தி இருக்கா?" என்று கேட்டால் மாமி சிரித்துக்கொண்டு "ஓகே, ஓகே" என்பார். மொழிபெயர்த்தது எங்கள் பன்னிரண்டு வயது மகள். பிள்ளைக்கு முன்னால் மாமி எதைச் சொல்லுவார்? வீட்டில் இரவிரவாக ஓங்காளம். கேட்டால், "சொன்னால் மருந்தை நிப்பாட்டிப் போடுவாங்கள், பிள்ளை" என்றார். கொடுத்த குளிசைகளோ லாச்சிக்குள் அப்படியே கிடந்தன. சத்தி வந்தால் போடலாம் என்று சேர்த்து வைத்திருக்கிறார்!

இந்தக் குளிசைகள் சத்தி வரமுன் தடுப்பதற்கானவை. வந்தபின் அடக்குவது கடினம். 1990இல் இங்கே பாவனைக்கு வந்த ஒண்டான்செற்றோன், சத்தி எடுக்கச் சொல்லிக் குடலிலிருந்து மூளைக்குப் போகும் செய்தியை மறிக்கிறது. மலச்சிக்கல் வரலாம், அதையும் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். ஒன்று சரிவராவிட்டால் வேறு வகைகள் உண்டு. அடுத்தமுறை மொழிபெயர்ப்பாளர் கேட்டோம், அதற்குக் காசில்லை. எத்தனை தரம் சத்தி என்று கொப்பியில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினோம். கீமோவை நிறுத்தவில்லை, குளிசையைத்தான் மாற்றினார்கள்.

கீமோ தொடங்கும்போது 24 மணிநேர ரெலிபோன் இலக்கம் தருவார்கள். தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலோ, காய்ச்சல் 38 பாகைக்கு வந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே எடுங்கள். இன்னொன்று: 2009 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களுக்கு மருந்துச்சீட்டுக்குக் காசு இல்லை. உங்கள் குடும்ப டாக்குத்தரிடம் எஃப்.பி. 92ஏ படிவம் கேளுங்கள். நாங்கள் இது தெரியாமல் இரண்டு மாதம் கட்டினோம்.

இப்போது கறி வைப்பது மாமி கீழே பூங்காவில் நடக்கும் நேரத்தில், யன்னலைத் திறந்துவிட்டு. அவருக்கு ஆறின கஞ்சி, காய்ந்த பாண், கொஞ்சம் கொஞ்சமாக. தேசிக்காய்த் தண்ணீரை ஐஸ்கட்டியாக்கி வைத்திருக்கிறோம். அதைச் சூப்பிக்கொண்டு நேற்று, "நாளைக்கு ஒரு சொதி வையுங்கோவன், வெங்காயம் வதக்காமல்" என்றார்.